லிஸ்பனில் வசித்தபடி பெங்களூரு நேரத்தில் வேலை: ஒரு நாளை எப்படி அமைத்துக்கொள்வது?

அரூர்ப் பெண்:

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வெளிநாடு சென்று, அங்கிருந்தபடியே இந்திய நிறுவனங்களுக்கு வேலை செய்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்பதால், உங்களிடம் ஆலோசனை கேட்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அரூர். பெங்களூரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். கணவருக்கு லிஸ்பனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பணி கிடைத்ததால், ஆகஸ்டில் ஏழு வயது மகளையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தோம். வேலையை விட வேண்டியதில்லை, அங்கிருந்தே செய்யுங்கள் என்று நிறுவனம் அனுமதி கொடுத்தது. ஆனால் எங்கள் வாடிக்கையாளர் மெல்போர்னில் இருப்பதால், அவர்களுடைய அலுவலகம் மூடுவதற்கு முன் நடக்கும் அன்றாடக் கூட்டத்தில், அதாவது இந்திய நேரம் காலை 10 மணிக்கு, நான் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

செப்டம்பரிலும் அக்டோபரிலும் அந்தக் கூட்டம் இங்கே அதிகாலை 5.30-க்கு வந்தது. ஊரில் ஐந்து மணிக்கே எழுந்து பழகியவளுக்கு அது பெரிய சிரமமாக இல்லை. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்தியதும் நிலைமை மாறிவிட்டது. இந்தியாவில் அந்த வழக்கம் கிடையாது என்பதால், அதே கூட்டம் இப்போது 4.30-க்கு வருகிறது. 3.45-க்கு எழுந்து, மதியம் 1 மணிக்கு வேலையை முடித்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர அலாரம் அடிக்கும் 5 மணி வரை அடித்துப்போட்டதுபோல் தூங்குகிறேன். வெளியே வரும்போது பொழுது சாய்ந்திருக்கிறது. அதன் பிறகு நள்ளிரவு 12 மணி வரை கண் மூடுவதில்லை. சனி, ஞாயிறுகளில் காலை 10 மணி வரை எழ முடிவதில்லை. திங்கட்கிழமை மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

2020-இல் ஊரடங்கு வந்தபோது அரூரில் அம்மா வீட்டிலிருந்து நெடுநாள் வேலை செய்திருக்கிறேன். அப்போது இப்படி எதுவும் நேரவில்லை. பால் ஊற்ற வருகிறவர், வாசல் தெளிக்கும் ஓசை, சேலம் பேருந்தின் ஹாரன், வேலைக்கு நடுவே அம்மா கொண்டுவந்து வைக்கும் மோர், மாலையில் பூ விற்க வருகிற பாட்டி என்று, சுற்றியிருந்த எல்லோருமாகச் சேர்ந்து என்னுடைய நாளை நடத்திக்கொண்டிருந்தார்கள் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. இங்கே நான்காவது மாடியில் உள்ள இந்த வீட்டில் கணவரும் மகளும் கிளம்பிய பிறகு, என்னை எழுப்பவோ சாப்பிட அழைக்கவோ எந்த ஓசையும் இல்லை.

அம்மா அழைக்கும் நேரத்தில் நான் வேலையில் இருக்கிறேன்; நான் எழுந்து அழைக்கும்போது அங்கே இரவு பத்தரை மணி, தூங்கியிருப்பார்கள். போர்த்துகீசிய மொழி வகுப்பில் சேர வேண்டும் என்ற எண்ணம் எண்ணமாகவே நிற்கிறது.

எந்த நேரத்தில் தூங்குவது, எப்போது சாப்பிடுவது, வேலை முடிந்த பின் இருக்கும் நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது, இந்த நேரக் குழப்பத்துக்கு நடுவில் இந்த ஊரில் வாழவும் தொடங்குவது எப்படி என்று அனுபவப்பட்டவர்கள் விரிவாகச் சொன்னால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓசூர் வாசி:

சகோதரி, நான் போர்த்துகலின் போர்ட்டோ நகரத்தில் சில ஆண்டுகள் இருந்து, சென்னை நிறுவனம் ஒன்றுக்கு இந்திய நேரத்தில் வேலை செய்துவிட்டு, இப்போது ஓசூருக்குத் திரும்பியிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரிந்த வாழ்க்கைதான்.

முதலில், நீங்கள் சூரியனைப் பார்ப்பதே இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் மூளைக்குள் இருக்கும் உடற்கடிகாரம் கண்ணில் விழும் ஒளியைக் கொண்டுதான் தன்னைத் திருத்திக்கொள்கிறது. செல்களுக்குள் அது எப்படி இயங்குகிறது என்பதைக் கண்டறிந்ததற்காக 2017-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மூவருக்கு மருத்துவ நோபல் பரிசே கொடுத்தார்கள். நீங்கள் விழித்திருக்கும் முதல் மூன்று மணி நேரமும் இருட்டு. வேலை முடிந்து வெளிச்சம் இருக்கும் நேரத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்குகிறீர்கள். எழுந்ததும் மறுபடி இருட்டு. அந்தக் கடிகாரம் எதைப் பார்த்து நேரம் தெரிந்துகொள்ளும்? எங்கள் வீட்டுச் சன்னலோரம் வெளிச்சமாகத்தானே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஒளியின் அளவை லக்ஸ் என்ற அலகில் சொல்வார்கள்; அறை விளக்கின் ஒளி சில நூறு லக்ஸைத் தாண்டுவது அரிது. மேகம் மூடிய பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும்.

இதற்கான இடைவெளி உங்கள் வேலை நேரத்துக்குள்ளேயே இருக்கிறது. பெங்களூரில் எல்லோரும் சாப்பிடப் போகும் 1.30 முதல் 2.30 வரையிலான நேரம் லிஸ்பனில் இப்போது காலை 8 முதல் 9 வரை. அங்கே ஆரம்பப் பள்ளிகள் பெரும்பாலும் 9 மணிக்குத் தொடங்குகின்றன. ஆகவே மகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடும் பொறுப்பைக் கணவரிடமிருந்து நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலக நாட்காட்டியில் அந்த ஒரு மணி நேரத்தை உணவு இடைவேளை என்று பூட்டிவையுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள், அவர்களும் அப்போது சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். நவம்பரில் சூரியன் 7 மணி வாக்கிலும், டிசம்பர் கடைசியில் 8 மணியை நெருங்கியும் உதிக்கும் என்பதால், குளிர்காலம் முழுவதும் அந்த நடையில் உங்களுக்கு வெளிச்சம் கிடைக்கும். திரும்பும் வழியில் ஒரே கஃபேயில் நின்று ஒரு பிக்கா குடியுங்கள். லிஸ்பன்காரர்கள் சின்னக் கோப்பைக் காபியை அப்படித்தான் சொல்வார்கள். ஒரே கடைக்கு ஒரே நேரத்தில் போனால், சில வாரங்களில் நீங்கள் கேட்கும் முன்பே கோப்பை மேசைக்கு வந்துவிடும். போர்ட்டோவில் நான் பேசிய போர்த்துகீசியத்தில் பாதி அப்படி ஒரு கடைக்காரரிடம் கற்றதுதான்.

இரவு 8.30-க்குப் படுத்து 3.45-க்கு எழுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியத் தூக்கத்தை அரை மணி நேரத்தோடு நிறுத்திவிடுங்கள். உடற்கடிகாரம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும் என்பதால், 12 மணியிலிருந்து 8.30-க்கு ஒரே இரவில் வந்துவிட முடியாது. ஒரு வாரமாவது பொறுமை வேண்டும். அங்கே வீடுகளின் சன்னலுக்கு வெளியே இறக்கிவிடக்கூடிய எஸ்தோர் என்ற மடிப்புப் பலகைகள் இருக்குமே, அவற்றை முழுவதும் இறக்கினால் பட்டப்பகலிலும் அறை இருட்டாகும். இப்போது அது தேவைப்படாது. சூரியன் இரவு 9 மணிக்கு மறையும் ஜூன் மாதத்தில் அதன் அருமை தெரியும்.

வீட்டுக்குள் இருக்கும் குளிரையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். போர்த்துகலில் பெரும்பாலான பழைய குடியிருப்புகளில் வீடு முழுவதையும் சூடாக்கும் அமைப்பு கிடையாது. வெளியே எட்டு, பத்து டிகிரிதான் இருக்கும், ஆனால் ஈரம் ஏறிய சுவர்களால் அறைக்குள் எலும்பு வரை குளிரும். அதிகாலையில் போர்வையை விட்டு எழ முடியாமல் போவதற்குத் தூக்கம் பாதிக் காரணம் என்றால், அந்தக் குளிர் மறுபாதி. எண்ணெய் ரேடியேட்டர் ஒன்றை வாங்கி, 3.15-க்குத் தானாக எரியும்படி டைமர் வைத்துவிடுங்கள். இரவு 11 முதல் காலை 7 வரை அங்கே ஒலிக் கட்டுப்பாடு இருப்பதால், கூட்டத்தில் பேசும் மேசையை அண்டை வீட்டாரின் படுக்கையறைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுவதும் நல்லது.

பினாங்குவாசி, கிருஷ்ணகிரி:

அக்கா, உங்களுடைய நிலைமைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நான் இருக்கிறேன். கிருஷ்ணகிரி அணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சென்னை நிறுவனம் ஒன்றுக்காக, இணையவழி வேலை செய்யும் வெளிநாட்டினருக்காக மலேசிய அரசு 2022-இல் தொடங்கிய டி.ஈ. ரந்தாவ் அனுமதியில் பினாங்கிலிருந்து வேலை செய்கிறேன். மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் என்பதால், காலை 10 மணி அலுவலகம் எனக்கு மதியம் 12.30-க்குத் தொடங்கி இரவு 9-க்கு முடிகிறது. காலைப் பொழுது முழுவதும் நமக்கே என்று கேட்பவர்கள் பொறாமைப்படுவார்கள். ஆனால் வேலைக்கு முன்னால் வரும் ஓய்வு நேரத்தில் மனம் ஓய்வெடுப்பதில்லை என்பதுதான் என் அனுபவம். இன்னும் நான்கு மணி நேரத்தில் வேலை, இன்னும் மூன்று மணி நேரத்தில் வேலை என்று கணக்குப் பார்த்துக்கொண்டே, கைப்பேசியைப் புரட்டிக்கொண்டே காலை கழிந்துவிடும்.

அந்த வகையில் உங்கள் அமைப்பு மேலானது என்று நினைக்கிறேன். 1 மணிக்கு வேலை முடிந்துவிட்டால் பின்னால் எதுவும் காத்திருப்பதில்லை. 1 மணியிலிருந்து 5.30 வரை, பகல் வெளிச்சத்தோடு கூடிய நான்கரை மணி நேரம் என்பது ஓசூரிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போகிறவர் யாருக்கும் வாரநாளில் கிடைக்காத ஒன்று. அதைத் தூக்கத்துக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு வழி பிறந்தது தண்ணீர்மலையில். அங்கே பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. அதிகாலையில் அந்தப் படிகளை ஏறி இறங்கும் பெரியவர்கள் சிலருடன் பழக்கமானேன். பல தலைமுறைகளுக்கு முன் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாவது நாள், "உடம்புக்கு என்ன?" என்று விசாரிப்பார்கள். அதற்கு முன்பு நானாக அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டியும் பார்த்திருக்கிறேன், செயலிகளும் வைத்திருந்திருக்கிறேன், எவையும் நிலைக்கவில்லை. அந்த ஒரு விசாரிப்புக்காக இன்றும் எழுந்து போகிறேன். நீங்கள் அரூரைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, பால்காரரும் பூக்காரப் பாட்டியும் உங்கள் நாளை நடத்தினார்கள் என்று, அது முற்றிலும் உண்மை. அவர்களுடைய இடத்தில் இந்த ஊர் மனிதர்கள் யாரையாவது உட்கார வைத்தால்தான் நாள் நிற்கும்.

ஆகவே மொழி வகுப்பைத் தள்ளிப்போடாதீர்கள். தனியாகக் காணொளி பார்த்துக் கற்பதாக இருந்தால் வேண்டாம். குறிப்பிட்ட கிழமையில், குறிப்பிட்ட அறையில், வராவிட்டால் ஆசிரியர் கேட்கக்கூடிய வகுப்பாக இருக்க வேண்டும்.

அரூர்ப் பெண்:

இவ்வளவு நிதானமாக எழுதிய இருவருக்கும் நன்றி. பெங்களூரின் சாப்பாட்டு நேரமும் மகளின் பள்ளி நேரமும் ஒன்றாக வருவதை நான் கவனித்ததே இல்லை. கணவரிடம் சொன்னேன், நாளையிலிருந்து நானே அழைத்துப்போகிறேன்.

ஓசூர் அண்ணா, ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. மகள் பள்ளியிலிருந்து வருவது 5.30-க்கு, அதுவும் வகுப்புக்குப் பிந்தைய பயிற்சிகள் முடிந்த பிறகு. கணவர் வருவது 7 மணிக்கு. இங்கே எல்லோரும் இரவு 8 மணிக்குத்தான் சாப்பிடுகிறார்கள் என்பதால், மகளுக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. 8.30-க்கு நான் படுத்துவிட்டால், மூவரும் சேர்ந்திருக்கும் நேரம் ஒன்றரை மணிதான். 9.30-க்கு முன் படுக்க என்னால் முடியாது என்று தோன்றுகிறது.

காவேரிப்பட்டணம் செவிலியர்:

நான் வீட்டிலிருந்து வேலை செய்பவள் அல்ல. டப்ளினில் ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியும் பகல் பணியும் மாறி மாறிப் பார்க்கும் செவிலியர். லிஸ்பனுக்கும் டப்ளினுக்கும் ஒரே நேரம் என்பதாலும், தூக்கத்தைத் துண்டு போட்டுப் பழகியவள் என்பதாலும் இதைச் சொல்கிறேன்.

8.30-க்குப் படுப்பது சிறந்ததுதான், ஆனால் அது தனியாக இருப்பவருக்கான யோசனை. குழந்தையின் மாலை நேரத்தை அதற்கு விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் தூக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள்: இரவு 9.30 முதல் 3.45 வரை ஒரு தூக்கம், மதியம் 1.30 முதல் 3 வரை ஒரு தூக்கம். இரண்டும் சேர்ந்து ஏழே முக்கால் மணி நேரம் வருகிறது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. மதியத்தில் ஒன்றரை மணி நேரம் என்பதற்குக் காரணம் உண்டு: தூக்கத்தின் ஒரு சுற்று ஏறக்குறைய அவ்வளவு நேரம் எடுக்கும் என்பதால், சுற்றின் நடுவே அலாரம் அடித்து எழுப்பும்போது வரும் தலைக்கனம் குறையும். 3 மணிக்கு மேல் மட்டும் எக்காரணம் கொண்டும் நீட்ட வேண்டாம். இப்போது நீங்கள் 5 மணி வரை தூங்குவதுதான் இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடுகிறது. 3 மணிக்கு எழுந்ததும் வெளியே போய்விடுங்கள். இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெயில் இருக்கும்.

ஒளியைப் பற்றி ஓசூர் அண்ணன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். காலை ஒளி உடற்கடிகாரத்தை முன்னே இழுக்கும், இரவு ஒளி பின்னே தள்ளும். நள்ளிரவுக்குப் பின் தூங்கிப் பழகிவிட்ட உங்கள் உடலுக்கு இப்போதைக்கு விடிகாலை 4 மணி என்பது நடு இரவுதான். அந்த நேரத்தில் பிரகாசமான விளக்கைப் போட்டால், அது நீங்கள் விரும்பும் திசைக்கு எதிராகக் கடிகாரத்தைத் தள்ளிவிடக்கூடும். ஆகவே முதல் ஒரு வாரம், பத்து நாள், 4 மணிக்குச் சிறிய மேசை விளக்கு மட்டும் போதும். திரையின் வெளிச்சத்தையும் குறைத்து வையுங்கள். உடல் பழகி, அலாரத்துக்கு முன்பே விழிப்பு வரத் தொடங்கியதும் எல்லா விளக்குகளையும் போட்டுக்கொள்ளலாம்.

காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் வாக்கில் ஆகும். எழுந்ததும் ஒன்று, பள்ளியிலிருந்து திரும்பும்போது அந்த பிக்கா ஒன்று, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேலை முடிகிற களைப்பில் 12 மணிக்குக் குடிக்கும் காபி மதியத் தூக்கத்தையும் கெடுத்து, அதை நீட்டவும் வைக்கும்.

சனி, ஞாயிறுகளில் ஆசைக்கு 5.30 வரை தூங்குங்கள், 10 மணி வரை வேண்டாம். இரண்டு நாள் அவ்வளவு தள்ளி எழுவது, வாராவாரம் வேறொரு நாட்டுக்குப் பறந்து திரும்புவதற்குச் சமம். மூன்று, நான்கு வாரங்கள் இப்படி நடந்தும் பகலில் நின்றபடியே கண் சொக்கினாலோ, காரணமில்லாமல் அழுகை வந்தாலோ, அங்குள்ள சுகாதார மையத்தில் மருத்துவரைப் பாருங்கள். புலம்பெயர்ந்த முதல் குளிர்காலத்தில் இது பலருக்கும் வருவது. கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

பாலக்கோடு பட்டு விவசாயி:

அம்மா, நான் வெளிநாடு போனவன் இல்லை. என் மகன் ஜெர்மனியில் இருக்கிறான். வீட்டில் இருப்பவர்கள் பக்கத்து நியாயத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் மல்பெரித் தோட்டம் வைத்துப் புழு வளர்த்து, தருமபுரி அங்காடிக்குக் கூடு கொண்டுபோகிற குடும்பம். புழு முட்டையிலிருந்து வந்து கூடு கட்டும் வரை ஏறக்குறைய நான்கு வாரம். நான்கு முறை தோலுரிக்கும். தோலுரிக்கத் தூங்கும்போது தழை போடக் கூடாது, விழித்ததும் தாமதிக்கவும் கூடாது. கடைசிப் பருவத்தில் மொத்தத் தீனியில் பெரும்பகுதியை ஒரே வாரத்தில் தின்று தீர்க்கும். அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் கல்யாணத்துக்குக்கூடப் போக மாட்டோம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மகன் தனக்கு ஒழிந்த நேரத்தில் அழைப்பான். நாங்கள் தழை போட்டுக்கொண்டிருப்போம், எடுக்க முடியாது. நாங்கள் ஓய்ந்து அழைத்தால் அவன் வேலையில் இருப்பான். இப்படியே தவறித் தவறிப் போய், அவனுக்கு என்னவோ ஏதோ என்று அவனுடைய அம்மா பயந்துகொண்டே இருப்பாள். பிறகு, மாலைத் தீனி போட்டு முடித்துக் கை கழுவியதும், நம் நேரம் ஏழு மணிக்கு அவன் அழைப்பது என்று பேசி முடிவு செய்தோம். பத்து நிமிடம்தான் பேசுவோம். அன்றிலிருந்து மற்ற நேரத்தில் யாரும் யாரையும் தேடுவதில்லை. மற்ற நேரத்தில் மணி அடித்தால் அவசரம் என்று இரு பக்கமும் தெரியும்.

உங்கள் கணக்கில் இந்திய நேரம் மாலை 6.30 அங்கே 1 மணி என்று தெரிகிறது. நீங்கள் வேலையை மூடும் நேரமும், அரூரில் அம்மா விளக்கு வைத்து அடுப்படிக்குப் போகும் நேரமும் ஒன்றுதான். அவர் இரவுச் சமையல் செய்யட்டும், நீங்கள் மதியச் சாப்பாட்டைத் தட்டில் போடுங்கள். கைப்பேசியை இரண்டு பேரும் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பேசுங்கள். அந்த அழைப்பு வேலை முடிந்ததற்கான அடையாளமாகவும் இருக்கும். உங்கள் பிள்ளைக்கும் பாட்டியோடு பேச வாய்ப்பு வேண்டும். அதை அவளுக்குப் பள்ளி இல்லாத சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒன்று. மதியம் களியோ, வயிறு நிறையச் சோறோ தின்றுவிட்டுப் படுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் யாராலும் எழ முடியாது. 8 மணி இடைவேளைக்கு முன்னால் கேழ்வரகுக் கூழ் குடியுங்கள். நான்கு மணிக்கு எழுந்து உழைக்கிறவருக்கு அதுதான் காலை ஆகாரம், எங்கள் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் இரவில் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். மதியம் எளிதாக ஏதாவது போதும். கேழ்வரகு மாவு அங்கே கிடைக்குமா என்று மட்டும் விசாரியுங்கள்.

ஓசூர் வாசி:

பாலக்கோடு ஐயாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். லிஸ்பனில் மார்த்தீம் மோனிஸ் சதுக்கத்தைச் சுற்றியும், அதை ஒட்டிய பென்ஃபொர்மோசோ தெருவிலும் வங்கதேச, நேபாள, இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கேழ்வரகு மாவையும் கறிவேப்பிலையையும் அங்கே விசாரித்துப் பாருங்கள். கையிருப்பில் இல்லாததைச் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தரும் கடைக்காரர்களும் உண்டு. வாரத்தில் ஒரு மதியத்தை அதற்கென்று ஒதுக்குங்கள். லிஸ்பன் பெருநகரப் பகுதி முழுவதும் செல்லும் நாவெகாந்தே மாதப் பயண அட்டை 40 யூரோதான். அதை வாங்கி வைத்திருந்தால் வெளியே போகத் தயங்கமாட்டீர்கள். மொழிக்கு, குடியேறியவர்களுக்கென்று அரசே இலவசமாக நடத்தும் வகுப்புகள் பொதுப் பள்ளிகளிலும் தொழிற்பயிற்சி மையங்களிலும் உண்டு. மாலை வகுப்புகள் உங்களுக்கு ஒத்துவராது, 3.30 வாக்கில் தொடங்கும் பிரிவு அருகில் எங்கே இருக்கிறது என்று உங்கள் வட்டார அலுவலகத்தில் கேளுங்கள்.

தூக்கத்தைப் பொறுத்தவரை, செவிலியர் சகோதரி சொன்னதே உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும். நான் சொன்ன 8.30-ஐ விட்டுவிடுங்கள்.

ஆனால் நிறுவனத்திடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் எல்லாவற்றையும் உங்கள் உடம்பின் மேலேயே ஏற்றிக்கொள்ள வேண்டாம். மெல்போர்னில் இப்போது கோடை நேரம், அதாவது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்திருக்கிறார்கள். உங்கள் கூட்டம் அவர்களுக்கு மாலை 3.30-க்கு நடக்கிறது. அரை மணி நேரம் தள்ளி வைத்தால் அவர்களுக்கு 4 மணி, பெங்களூரில் 10.30, உங்களுக்கு அதிகாலை 5. இதை மறுக்க அவர்களுக்குப் பெரிய காரணம் இருக்காது என்று நினைக்கிறேன். கிடைத்தால் உங்கள் இரவுத் தூக்கம் அரை மணி நீளும்.

இன்னும் முக்கியமானது வசந்த காலத்தில் வரப்போகும் மாற்றம். மார்ச் கடைசி ஞாயிறு லிஸ்பன் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். அடுத்து, ஏப்ரல் முதல் ஞாயிறு மெல்போர்ன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே வரும். கூட்டத்தை இந்திய நேரம் 10 மணியிலேயே வைத்திருந்தால், மெல்போர்னுக்கு அது 2.30 ஆகிவிடும். அவர்கள் பழைய 3.30-க்கே வைத்துக்கொள்ளச் சம்மதித்தால், இந்திய நேரம் 11 மணி, உங்களுக்குக் காலை 6.30. இன்றைய 4.30-க்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் வித்தியாசம். அக்டோபர் முதல் ஞாயிறு வரை அப்படியே ஓடும். ஆக, 4.30 என்பது ஆண்டு முழுவதற்குமானது இல்லை, நவம்பர் முதல் மார்ச் வரையிலான ஐந்து மாதங்களுக்கு மட்டுமே.

இதற்கு எளிய வழி, அந்த அன்றாடக் கூட்டத்தின் அழைப்பை நாட்காட்டியில் இந்திய நேரத்துக்குப் பதிலாக மெல்போர்ன் நேரத்தில் பதிவு செய்யும்படி உங்கள் மேலாளரிடம் கேட்பதுதான். அப்படிச் செய்துவிட்டால் கடிகாரம் மாறும்போதெல்லாம் மென்பொருளே உங்கள் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் நீங்கள் போய்ச் சலுகை கேட்க வேண்டியிருக்காது. பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஆறு மாதம் 10 மணி, ஆறு மாதம் 11 மணி என்று ஆகும் என்பதால், குழுவினரின் ஒப்புதலையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மார்ச் வரை காத்திருக்காமல், இந்த இரண்டு கோரிக்கைகளையும் இந்த வாரமே ஒரே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள்.